மச்சான் கேட்ட இரவல்

எங்கள் தோட்டத்து ஆம்பிளைகளுக்கு வயிற்றைப் பற்றி இருக்கிற பெருமையை என்னவென்று சொல்வது! கல்லைத் தின்றாலும் கரையும் என்பான் ஒருவன். காலையும் மாலையும் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் தின்று அவன் முகமே சம்பல் மாதிரி சிவந்து சுருங்கிக் கிடக்கும். ஆனாலும் வயிறு இரும்பாம். நானும் அப்படிப் பேசித் திரிந்தவன்தான். அறுபத்தெட்டு வயது வரைக்கும் நான் டிஸ்பென்சரிப் படி ஏறியது, கையில் கத்தி பட்ட இரண்டு தடவை மட்டும்தான் என்று, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் நின்று சொல்லுவேன், யாரோ மெடல் குத்திவிட்ட மாதிரி. இப்போது நினைத்தால் என்னைப் பார்த்து நானே காறித் துப்பலாம் போலிருக்கிறது.

எங்கள் தோட்டம் நிவித்திகலப் பக்கம். மேல்மலையில் தேயிலை, கீழே ரப்பர். நான் கீழே பால் வெட்டியவன். என் மச்சானும் அப்படித்தான். மச்சான் என்றால் என் வீட்டுக்காரியின் அண்ணன். அவன் கட்டியிருப்பது என் தங்கச்சியை. பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். ஒரே லயத்தில், ஒரே வரிசை வீட்டில், அடுத்தடுத்த காம்பரா. நடுவில் ஒற்றைச் சுவர். அவன் தும்மினால் என் வீட்டு விளக்கு ஆடும். எனக்கு அவனைச் சின்ன வயதிலிருந்தே தெரியும், அதனால் அவன் மேல் எனக்கு மரியாதை என்று ஒன்று வந்ததே இல்லை.

பால் வெட்டுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு இத்தனை கிலோ பால் கொண்டுபோனால்தான் முழுப்பேர் போடுவார்கள். குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் வேலைதான் செய்தாய் என்று அர்த்தம். மழை ஈரத்தில் பட்டை நனைந்திருக்கும், மரம் கிழடாக இருக்கும், வெட்டுகிறவனுக்குக் காய்ச்சலாக இருக்கும், பால் குறையும். அப்போது ஸ்டோருக்குப் போகிற வழியில், மூங்கில் புதர் இருக்கிற வளைவில், கங்காணி கண்ணுக்கு மறைவாக, கூட வருகிறவன் தன் வாளியைச் சாய்த்து இவன் வாளியில் ஊற்றுவான். கேட்க வேண்டியதில்லை. நன்றி சொல்ல வேண்டியதும் இல்லை. பால் எல்லாம் வெள்ளை. எந்த மரத்துப் பால் என்று ஸ்டோரில் நிற்கிறவனுக்கு எப்படித் தெரியும்? மச்சானுக்கு நான் ஊற்றியிருக்கிறேன், எனக்கு அவன் ஊற்றியிருக்கிறான். இந்தப் பழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அதைக் கொண்டுபோய் எங்கே பாவித்தோம் என்பதுதான் வெட்கக்கேடு.

எங்கள் டிஸ்பென்சரியில் வைத்தியம் பார்க்கிற மாத்தயா சிங்களவர். தமிழை எங்களிடமே கற்றுக்கொண்டவர், அதனால் கெட்ட வார்த்தை உட்பட எல்லாம் வரும். மூன்று வருஷத்துக்கு முன்னே ஒரு நாள், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை விடுகிற பிள்ளைக்காம்பராவில் கூட்டம் வைத்தார். ஐம்பது வயதுக்கு மேலே உள்ளவர்கள் எல்லாரும் வர வேண்டும் என்று பெரட்டில் சொன்னார்கள். போனோம். தொட்டில் கட்டுகிற கயிற்றுக்குக் கீழே பெஞ்சில் கிழவன் கிழவிகளாக உட்கார்ந்திருந்தோம். மேசை மேல் சின்னச் சின்ன பிளாஸ்டிக் டப்பா. மூடியைத் திருகினால் உள்ளே ஒரு குட்டிக் கரண்டி.

“இதில காலையில வெளிக்குப் போறதுல கொஞ்சம் எடுத்துப் போட்டுக் கொண்டாந்து குடுங்க,” என்றார் மாத்தயா.

அவ்வளவுதான். பொம்பிளைகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். ஆம்பிளைகள் கூரையைப் பார்த்தார்கள். வயல் எருமை மாதிரி வளர்ந்து, பேரன் பேத்தி எடுத்த கூட்டம், பீ என்ற பேச்சைக் கேட்டதும் கல்யாணப் பெண் மாதிரி நெளிகிறது.

மாத்தயா அசரவில்லை. “பெருங்குடல்ல மொதல்ல சின்னதா ஒரு சதை மொளைக்கும். வலிக்காது. வருசக்கணக்கா சும்மா இருக்கும். அதில சிலது பொறகு புத்துநோயா மாறும். அதில கசியிற ரத்தம் கண்ணுக்குத் தெரியாது. இந்த டப்பாவில போட்டா டெஸ்ட்ல தெரியும். மொளையா இருக்கிறப்பவே வெட்டிட்டா அந்த நோய் வராமலே தடுக்கலாம்.”

“வலிக்காதுன்னா அப்புறம் என்னத்துக்கு மாத்தயா வெட்டணும்?” என்றான் மச்சான். பின் வரிசையில் இருந்துகொண்டு கெட்டிக்காரத்தனம்.

“வலிக்க ஆரம்பிச்ச பொறகு வந்தீங்கன்னா, நான் பாக்க ஏலாது. பாதரைத்தான் கூப்பிடணும்.”

எல்லாரும் சிரித்தார்கள். மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. நான் அதைக் கவனித்தேன், ஆனால் யோசிக்கவில்லை. யோசிக்கிற பழக்கம் எனக்கு அப்போது கிடையாது.

டப்பா வாங்கினவர்களில் பாதிப்பேர் அதை ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒரு கிழவி மூக்குப்பொடி போட்டு வைத்திருக்கிறாள், இன்றைக்கும் இடுப்பில் இருக்கிறது. இன்னொருவன் உப்புக்கு வைத்துக்கொண்டான், கரண்டியும் இருக்கிறதே, தோது என்றான். மிச்சப் பேரைக் கெடுத்தது கங்காணி.

“இது நோய் பாக்கிறதுக்குன்னா நெனச்சீங்க?” என்றான் அவன். “நம்மள மாதிரி வயசாளிகளுக்குக் குடுக்கிற கைக்காசு வேலைய நிப்பாட்டுறதுக்குடா. ரிப்போட்டு கெட்டதுன்னா நேரா தொரை மேசைக்குப் போகும்.”

தீப்பெட்டியில் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரியாதவன், தொரையின் மனதை வாசித்துவிட்டு வந்து சொல்கிறான். லயமே நம்பியது.

இன்னொரு பயமும் இருந்தது. முன்னே எங்களிடம் ஒரு கணக்கப்பிள்ளை இருந்தார். இரண்டு வருஷமாக ரத்தம் போனது. மூலம் என்று தானே முடிவு பண்ணி, காய்ந்த மாதுளம்பழத் தோலை அவித்துக் குடித்தார், மிளகாயை விட்டார், கோழியை விட்டார், டாக்டரிடம் போவதை மட்டும் முதலிலேயே விட்டிருந்தார். கடைசியில் குடல் அடைத்து, வயிறு பானை மாதிரி வீங்கி, தூக்கிக்கொண்டு போனார்கள். திறந்து பார்த்து, ஒன்றும் செய்ய ஏலாது என்று மூடிவிட்டார்கள். மூன்று மாதத்தில் ஆள் போய்விட்டார். அதற்கு எங்கள் லயத்து வைத்தியர்கள் கண்டுபிடித்த காரணம் என்ன தெரியுமா? கத்தி வைத்ததால் உள்ளே காற்றுப் பட்டு நோய் பரவிவிட்டதாம். இரண்டு வருஷம் பொத்தி வைத்திருந்தது குற்றமில்லை. அரை மணி நேரம் காற்றுப் பட்டதுதான் குற்றம். மழைக்காலத்தில் கூரையை மாற்றாமல் இருந்துவிட்டு, வந்து பார்த்த தச்சன்தான் ஒழுக வைத்தான் என்கிற மாதிரி.

நான் டப்பாவைக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். புத்தியால் இல்லை. வீம்பால். என் ரிப்போட்டு தங்கம் மாதிரி வரும், அதைக் கங்காணி மூஞ்சியில் ஆட்டலாம் என்ற ஆசை.

மறுநாள் விடிந்ததும் போனேன். நாலு காம்பராவுக்கு ஒரு கக்கூஸ், லயத்துக் கடைசியில். காரியத்தை முடித்து, மாத்தயா சொன்னபடி டப்பாவில் போட்டுக்கொண்டு வெளியே வந்தால், மச்சான் நிற்கிறான். கையில் அவன் டப்பா. மூடி திறந்திருக்கிறது. காலியாக.

“மச்சான், கொஞ்சம் இருக்கா?”

“என்னது?”

“இதில போட. எனக்கு ரெண்டு நாளா வரலடா.”

“பொய் சொல்லாத. நேத்து நான் கதவத் தட்டிக்கிட்டே நின்னேன், அரை மணி நேரம் உள்ள குந்திக்கிட்டு இருந்த. பைபிளா படிச்ச?”

“அடச் சீ, குடுடா. வளைவுல நான் உனக்கு ஊத்தலையா? இது என்ன பெரிய சாமான்?”

கொடுத்தேன். உள்ளே திரும்பிப் போய், குட்டிக் கரண்டியால் எடுத்து, அவன் டப்பாவிலும் போட்டு, மூடியைத் திருகிக் கொடுத்தேன். அதைவிடக் கேவலம் என்னவென்றால், எனக்கு அப்போது உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. உலகத்தில் எவனுடைய பீயையாவது இன்னொருத்தன் ஆசைப்பட்டுக் கேட்டிருக்கிறானா? என்னுடையதைக் கேட்டான்! அந்தக் காலை முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

மூன்று வாரம் கழித்து டிஸ்பென்சரியில் கூப்பிட்டார்கள். என்னையும் மச்சானையும். மாத்தயா கதவைச் சாத்தினார்.

“ரெண்டு பேருக்கும் ரத்தம் இருக்குன்னு வந்திருக்கு. புத்துநோய்னு நான் சொல்லல. என்னான்னு பாக்கணும். ரத்னபுர ஆஸ்பத்திரிக்கு லெட்டர் தாறேன். பின்னால டியூப் விட்டு உள்ள பாப்பாங்க.”

மச்சான் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். படி இறங்கியதும் ஆரம்பித்தான்.

“நாசமாப் போனவனே! நல்ல சாமான்னு நம்பி வாங்கினேன். ஓட்டச் சாமானக் குடுத்திருக்க!”

“நானாடா உன்னக் கேக்கச் சொன்னேன்?”

“எனக்கு ரிப்போட்டும் இல்ல, லெட்டரும் இல்ல. ரெண்டும் உன்னுது. நீயே ரெண்டு தடவ போய்ப் படுத்துக் காட்டு! நாளைக்கே மாத்தயாகிட்டப் போயி, இது என்னுது, அவனுது இல்லன்னு சொல்லு. என் பேரக் கெடுத்துப்புட்டியே!”

இரும்பு வயிறு, கல் வயிறு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவனுக்கு மூன்று நாள் தேத்தண்ணி கூட இறங்கவில்லை. வீட்டுக்காரி மூன்றாம் நாள் தட்டைத் தூக்கி வைத்துவிட்டு, “வீராப்புப் பேச்செல்லாம் பெரட்டுக்களத்தோட சரி,” என்றாள். அவளிடம் நான் இரவல் கொடுத்த கதையைச் சொல்லவில்லை.

நாலாம் நாள், மலைத் தண்ணி கொட்டுகிற பீலிக்குக் குளிக்கப் போனேன். என் தங்கச்சி துணி துவைத்துக்கொண்டு இருந்தாள். மச்சான் இடுப்பில் கட்டுகிற சாரம். அதில் மட்டும் சோப்பு போட்டுக்கொண்டே இருக்கிறாள், அடிக்கிறாள், மறுபடி சோப்பு போடுகிறாள்.

“என்னத்த அப்பிடித் தேய்க்கிற?”

அவள் நிமிரவில்லை. “கறை போக மாட்டேங்குது. ஈஸ்டருக்கு முன்னாடி இருந்தே இப்பிடித்தான். ரத்தம். கேட்டா மூலம்ங்கிறாரு. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு.”

“இப்ப என்கிட்டச் சொல்றியே?”

“நான் துணிகிட்டச் சொல்றேண்ணே. நீ பக்கத்துல நிக்கிற, கேக்குது.”

அப்போதுதான் என் மண்டைக்கு ஏறியது. அவனுக்கு இரண்டு நாளாக வராமல் இல்லை. அவன் பார்த்திருக்கிறான். பார்த்ததைக் காட்டப் பயந்துதான் என்னிடம் கையேந்தினான். அவன் வாளியில் நான் ஊற்றியதில் அவனுடையது ஒரு சொட்டும் இல்லை. அந்த ரிப்போட்டு அவனைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. என்னுடைய ரிப்போட்டு மட்டும் நல்லதாக வந்திருந்தால்? அவனும் நல்ல ரிப்போட்டு என்று காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கணக்கப்பிள்ளை போன வழியிலேயே போயிருப்பான். நானும் அவனுக்குக் குழி தோண்டினவனாக, ஒன்றும் தெரியாமல், பாடையைத் தூக்கியிருப்பேன்.

அவன் கேட்டபடி மாத்தயாவிடம் உண்மையைச் சொன்னால் அவனுக்கு விடுதலை. சொல்லாவிட்டாலும் அவன் ஆஸ்பத்திரிக்குப் போகப் போவதில்லை. எப்படிப் பார்த்தாலும் வீட்டில் உட்கார்ந்து சாவான். ஈரத் துண்டோடு டிஸ்பென்சரிக்கு நடந்தேன். பாதி உண்மை சொன்னால்தானே வில்லங்கம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். டப்பா, கக்கூஸ், இரவல், சாரம், ரத்தம்.

மாத்தயா தலையில் கை வைத்துக்கொண்டார். “அடப் பாவிகளா! பால்ல பண்ணினது போதாதா? அது எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க?” என்றார். அப்புறம் மேசையில் ஓங்கித் தட்டினார். “ரத்தம் கண்ணுல தெரியிற ஆளுக்கு இந்த டப்பாவே தேவை இல்ல. இது ஒண்ணும் இல்லாத ஆளுகளுக்கு. அவன் அன்னைக்கே நேரா என்கிட்ட வந்திருக்கணும். உனக்கு முன்னால அவன் போகணும்.”

புதிதாக ஒரு லெட்டர் எழுதினார். மேலே சிவப்புப் பேனாவால் ஏதோ கோடு போட்டார். “கூட்டிக்கிட்டு வாறது உன் வேலை,” என்றார்.

மச்சானைக் கூட்டிக்கொண்டு போவது என்றால் கன்றுக்குட்டியை ஆற்றில் இறக்குகிற மாதிரி. இழுத்தால் பின்னால் போவான். அதனால் நான் இழுக்கவில்லை.

“மாத்தயாகிட்டச் சொல்லிட்டேன் மச்சான். ரெண்டும் என்னுதுன்னு.”

“ஆ! அப்ப என் லெட்டர கிழிச்சிட்டாரா?”

“இல்ல. இன்னொண்ணு எழுதிட்டாரு. அவன் சுத்தமான ஆளுன்னா வந்து காட்டட்டும்ங்கிறாரு.”

இது முழுப் பொய்யும் இல்லை. அவன் மூக்கு விடைத்தது. “வர்றேண்டா. வந்து படுக்கிறேன். உள்ள கண்ணாடி மாதிரி இருக்குன்னு எழுதி வாங்கிக்கிட்டு வந்து, பெரட்டுக்களத்துல நின்னு உன் மானத்த வாங்குறேன்.”

ரத்தம் சொட்டச் சொட்ட வீம்பு. தனக்குத் தெரிந்த உண்மையைத் தானே மறந்துவிடுகிற அளவுக்கு வீம்பு. எத்தனையோ பேர் இதனால் செத்திருக்கிறார்கள். ஒருத்தனாவது இதனால் பிழைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் ஒரே நாள் கொடுத்தார்கள். முதல் நாள் பகலில் இருந்து ஒரு பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். உப்பும் இனிப்புமாகக் குமட்டும். குடல் முழுக்கக் கழுவுப்பட வேண்டுமாம். அதை எழுதிக் கொடுத்தவர்களுக்கு எங்கள் லயத்தில் நாலு காம்பராவுக்கு ஒரு கக்கூஸ் என்று தெரியாது. பின்னேரம் மூன்று மணிக்கு ஆரம்பித்தது. ஒருவன் உள்ளே, ஒருவன் வெளியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

“வெளிய வாடா! செத்துருவேன்!”

“பொறுடா! நீ குடுத்த இரவலத்தான் திருப்பிக் குடுத்துக்கிட்டு இருக்கேன்!”

மற்றக் காம்பராக்காரர்கள் பக்கத்து லயத்துக்குப் போனார்கள். என் வீட்டுக்காரியும் தங்கச்சியும் வாசலில் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இரவல் கதை அந்தச் சத்தத்தில் லயம் முழுக்கத் தெரிந்துபோனது.

அந்தப் பரிசோதனையைப் பற்றி எவ்வளவு கதை கேட்டிருந்தேன்! குடலைக் கிழித்துவிடும் என்றார்கள். உலக்கை மொத்தத்தில் இருக்கும் என்றார்கள். சொன்னவர்களில் ஒருவனும் அந்தப் பக்கமே போனதில்லை. உண்மையில் என்ன நடந்தது? கையில் ஊசி போட்டார்கள். ஒரு சிங்கள நர்ஸ் மிஸ் தோளைத் தட்டி, “பய வென்ன எபா சீயா,” என்றாள், பயப்படாதே தாத்தா என்று. பக்கவாட்டில் படுக்க வைத்தார்கள். வயிற்றில் காற்று ஏறினது, கொஞ்சம் முறுக்கினது. டிவி மாதிரி ஒன்றில் சிவப்பாக ஒரு குகை தெரிந்தது. அது நான்தான். அரைத் தூக்கத்தில் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், முடிந்துவிட்டது. இதற்காகவா மூன்று நாள் பட்டினி கிடந்தேன்! ஈரப் பலகையில் வழுக்கி விழுந்தால் இதைவிட வலிக்கும்.

“ரெண்டு முளை இருந்தது. வெட்டியாச்சு,” என்றார் டாக்டர். அதைச் சோதித்துப் பார்க்க அனுப்பினார்கள். பிறகு நல்ல பதில்தான் வந்தது. அப்படியே விட்டிருந்தால் சில வருஷத்தில் என்னவாகியிருக்கும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மறுபடி எப்போது வந்து பார்க்க வேண்டும் என்று எழுதித் தந்தார்.

மச்சானுக்கு நேரம் எடுத்தது. நான் பெஞ்சில் உட்கார்ந்து, அவன் வந்ததும் திட்டுவதற்கு வார்த்தை தேடி வைத்திருந்தேன். நல்ல நல்ல வார்த்தை. அவன் வந்தான். ஆஸ்பத்திரிச் சட்டையின் நாடா அவிழ்ந்து தொங்கியது, அதைக் கட்டக் கூடத் தோன்றாமல் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“மச்சான், இது உன்னுது இல்லடா. என்னுது.”

“தெரியும்.”

“பாக்கு அளவு இருக்காம். பிச்சு எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்காங்க. புத்துநோய் மாதிரித்தான் தெரியுதுன்னாரு. அறுத்து எடுக்கணுமாம்.” என் பக்கம் திரும்பினான். “கத்தி வச்சா பரவிடும்டா.”

தேடி வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. வேறுதான் வந்தது. “மடையா, கணக்கப்பிள்ளையக் கத்தியா கொன்னுச்சு? ரெண்டு வருசம் அவர் வாய மூடிக்கிட்டு இருந்ததுதான் கொன்னுச்சு. நீ எவ்வளவு நாளா மூடியிருக்க? ஈஸ்டருக்கு முன்னாடி இருந்து. இன்னும் எவ்வளவு நாள் மூடப் போற? என் தங்கச்சி கையில தோலு உரிஞ்சு போச்சுடா, உன் சாரத்தத் தேய்ச்சுத் தேய்ச்சு.”

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அப்புறம், “அவ சொல்லிட்டாளா?” என்று மட்டும் கேட்டான். எழுந்து அவன் சட்டை நாடாவைக் கட்டிவிட்டேன்.

டெஸ்ட்டிலும் புத்துநோய் என்றே வந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். வேறு இடத்துக்குப் போகவில்லை என்றார்கள். அறுக்கச் சம்மதம் என்று காகிதத்தில் ஒப்பம் வைக்கச் சொன்னபோது, மச்சான் பள்ளிக்கூடத்தில் எழுதின மாதிரி பெரிய பெரிய எழுத்தில், நாக்கைக் கடித்துக்கொண்டு, கோட்டுக்கு வெளியே எல்லாம் எழுதினான்.

ஆப்பரேஷன் முடிந்து அவன் வார்டில் இருந்தபோது, டாக்டர் தங்கச்சியிடம் சொன்னாராம், குடலை வெட்டி இணைத்திருக்கிறது, அவர் காற்று விட்டு, பிறகு வெளிக்குப் போனால்தான் நமக்கு நிம்மதி என்று. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். வயிறு அசையவில்லை. நாலாம் நாள் அவளைக் கட்டாயப்படுத்தி வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தோம், தூங்கட்டும் என்று. அவள் தூங்கவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். முப்பத்தெட்டு வருஷம் அவனோடு சண்டை போட்டவள், அன்றைக்கு அவன் செருப்பை எடுத்துத் துடைத்து வைத்தாள்.

பின்னேரம் என் போன் அடித்தது. எடுத்தேன்.

“மச்சான், வந்துருச்சுடா!”

அவன் கத்தின கத்தலில் வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். கிழட்டுப் பயல், ஒரு லட்ச ரூபாய் லொத்தர் விழுந்த மாதிரி கத்துகிறான். நான் போனைத் தங்கச்சியிடம் நீட்டினேன்.

அவள் காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டாள். கண்ணில் தண்ணி வழிந்தது. “மெதுவாப் பேசுங்க,” என்றாள். “நாலு பேரு இருக்கிற எடம். வெக்கமா இல்ல?”

அவன் இன்னும் சத்தமாகச் சொன்னான்.